ரேடுரைஸ்ட்: மசாலாப் பாக்கெட்டில் ஒரு சொல்

தென்னாப்பிரிக்காவில் மல்லித்தூளோ மிளகோ வாங்கும்போது, சில பாக்கெட்டுகளில் 'ரேடுரைஸ்ட்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். வேறு சிலவற்றில் 'இர்ரேடியேட்டட்' என்றிருக்கும். கிருமிகளைக் குறைக்க உணவில் கதிர் பாய்ச்சியிருக்கிறது என்பதுதான் இரண்டுக்கும் பொருள். டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் தமிழ் படிப்பவர்களிடம் இதைத் தமிழில் சொல்லச் சொன்னால் 'கதிரியக்க உணவு' என்றுதான் சட்டென்று வருகிறது. அது தப்பு. கேட்பவரை வீணாகப் பயமுறுத்தும் தப்பு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கதிரியக்கம் என்பது ஒரு பொருள் தானாகவே கதிரை வெளிவிடுவது. உணவில் கதிர் பாய்ச்சப் பயன்படும் கோபால்ட்-60 அப்படிப்பட்டது. ஆனால் அதன் காமாக் கதிர் பட்ட மல்லித்தூள் அப்படி ஆகிவிடாது. கதிரின் ஆற்றல் ஓர் அளவைத் தாண்டினால்தான் உணவிலுள்ள அணுக்கருவைத் தொட முடியும். அதனால்தான் சர்வதேச விதியே எக்ஸ் கதிருக்கு 5, எலெக்ட்ரான் கற்றைக்கு 10 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் என்று வரம்பு கட்டியிருக்கிறது. கோபால்ட்-60 கதிரின் ஆற்றல் 1.33ஐத் தாண்டுவதில்லை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? 1964இல் அறிவியலாளர்கள் சிலர் கூடி, உணவில் கதிர் பாய்ச்சும் முறைகளை மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். டப்பா உணவைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேரின் பெயரால் ரேடப்பர்டைசேஷன். இது நுண்ணுயிர்களை ஏறக்குறைய முழுதாக ஒழிப்பது. நோய்க்கிருமிகளைக் கொல்வது ரேடிசிடேஷன். கெடவைக்கும் கிருமிகளைக் குறைத்து உணவை அதிக நாள் நிற்க வைப்பது ரேடுரைசேஷன். இதன் பின்பாதி 'நீடித்திருத்தல்' என்ற பொருளுள்ள 'துராரே' என்ற லத்தீன் சொல். கறாராகப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு; ஆனால் மசாலாப் பாக்கெட்டில் ரேடுரைஸ்ட் என்பது பொதுப்பெயராகவே நிற்கிறது. வட்டத்துக்குள் இரண்டு இலையும் மேலே ஒரு புள்ளியுமாக இருக்கும் பச்சை முத்திரைக்கும் ரடூரா என்றுதான் பெயர்.

கதிர் பாய்ச்சியதைப் பாக்கெட்டில் எழுதச் சொல்வது கோடெக்ஸ். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் உணவு விதித்தொகுப்பு அது. கதிர் பாய்ச்சிய உணவுக்கான அதன் தரவிதி 1983இல் வந்து, 2003இல் திருத்தப்பட்டது. உணவு வாங்கிக்கொள்ளும் கதிரின் அளவு பொதுவாக 10 கிலோகிரேக்கு மேல் கூடாது. தக்க தொழில்நுட்பக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு. 10 கிலோகிரே என்றால் கிலோவுக்கு 10,000 ஜூல். அவ்வளவும் தண்ணீரில் இறங்கினாலும் சூடு ஏறுவது இரண்டரை டிகிரிக்கும் குறைவு. மசாலாவின் மணம் பெரிதாகக் கெடாமல் கிருமி மட்டும் போவது இதனால்தான். உணவின் பெயரை ஒட்டியே அறிவிப்பு இருக்க வேண்டும். கலவைப் பொடியில் ஒரு சேர்மானத்துக்கு மட்டும் கதிர் பாய்ச்சியிருந்தாலும், சேர்மானப் பட்டியலில் அதைச் சொல்லியாக வேண்டும். முத்திரை போடுவது விருப்பம். எழுத்தில் சொல்வது கட்டாயம். மூட்டையாகக் கப்பலேறினால், எந்த நிலையம், எந்தத் தேதி, எவ்வளவு அளவு, எந்தத் தொகுதி என்ற விவரமெல்லாம் ஏற்றுமதிப் பத்திரத்தில் வர வேண்டும்.

1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்த பிறகு, நாடுகளுக்கிடையே வழக்கு வந்தால் கோடெக்ஸ்தான் அளவுகோல். அப்படியும் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. அமெரிக்கா மசாலாவுக்கு 30 கிலோகிரே வரை விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் பொதுப்பட்டியலில் உலர்ந்த மூலிகை, மசாலா வகைகளுக்கு மட்டும் இடம் தந்து, 10 கிலோகிரேயோடு நிறுத்திக்கொள்கிறது. அதுவும் அது ஒப்புக்கொண்ட நிலையங்களில் பாய்ச்சியதாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தென்னாப்பிரிக்க நிலையங்களும் உண்டு.

இனி தமிழுக்கு வருவோம். 'கதிரூட்டல்' என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. பாலூட்டல், நிறமூட்டல் போல நல்ல அமைப்பு. ஆய்வுக்கூடப் பேச்சுக்கு அது போதும். ஆனால் உணவைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு தயக்கம்: ஊட்டியது உள்ளேயே தங்கிவிடும் என்றுதானே காது கேட்கும்? உணவுக்குக் 'கதிர்ப்பதனம்' பொருந்தும் என்பேன். 'பதனமா வச்சுக்கோ' என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தப் பதனம்தான், பத்திரமாகக் காப்பது. துராரே சொல்ல வந்ததற்கும் அது பக்கத்தில் நிற்கிறது. பெயரடையாக வேண்டுமென்றால் 'கதிர்ப்பதனமிட்ட மல்லித்தூள்' என்று எழுதலாம்.