பாட்டியோட விரலும் தொடுதலோட ரெண்டு வயரிங்கும்

எங்க பாட்டிக்கு கடைசி அஞ்சாறு வருஷம் சுத்தமா கண்ணு தெரியாது. பக்கத்துல போய் உக்காந்தா போதும், கைய புடிச்சு மணிக்கட்டுலருந்து முழங்கை வரைக்கும் மெதுவா தடவிப் பாத்துட்டு "ஏன்டி இப்படி எளைச்சுப் போயிட்ட"ன்னு கேக்கும், அதுக்குள்ள என் மனசுல இருந்த பாரம் பாதி எறங்கிடும்.

இது எப்படின்னா, நம்ம தோல்ல தொடுதலுக்கு ரெண்டு வயரிங் இருக்குங்க. ஒண்ணு வேகமானது, தொட்டது என்ன, எங்க, கரடா வழவழப்பான்னு சட்டுனு மூளைக்கு சொல்லிடும், விரல் நுனியில இது நெருக்கமா இருக்கும். இன்னொண்ணு சி-டாக்டைல் நரம்பு, முன்கை முதுகு மாதிரி முடி இருக்குற தோல்ல இருக்கு, அதுல சிக்னல் நொடிக்கு சுமார் 1 மீட்டர்தான் போகும். நொடிக்கு 1லருந்து 10 சென்டிமீட்டர் வேகத்துல, தோல் சூட்டுல இருக்குற கை இதமா தடவினா அது நல்லா முழிச்சுக்கும், சேதி போறது உணர்ச்சியோட சம்பந்தப்பட்ட இன்சுலாங்கிற பகுதிக்கு. பாட்டி தடவுற வேகமும் அதேதான்! பாட்டியோட விரல் வேக வயர்ல என் எலும்பையும் சதையையும் படிச்சுக்கிட்டு இருந்தப்ப, என் முன்கையில அந்த மெது வயர் ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

பாட்டிக்கு பார்வை போனது வயசான பிறகு. சின்ன வயசுலேயே பார்வை போனவங்களுக்கு இன்னொரு விஷயம் நடக்குது, அவங்க பிரெய்ல் படிக்கும்போது மூளையில பார்வைக்கான பகுதியே வேலை செய்யுதுன்னு 1996ல ஸ்கேன்ல பாத்தாங்க. சும்மா கெடக்காம அந்த எடம் விரலுக்கு ஒத்தாசை பண்ணுது, தினமும் விரலால படிக்கிற பழக்கமும் சேந்துக்குது.

இந்த விரல்கள வைத்தியத்துக்கு கொண்டுவந்தவர் ஜெர்மனியில டூயிஸ்பர்க் ஊர் மகப்பேறு டாக்டர் ஃபிராங்க் ஹாஃப்மன். டிஸ்கவரிங் ஹேண்ட்ஸ்னு பேரு, பார்வையில்லாத பெண்களுக்கு ஒன்பது மாசம் பயிற்சி குடுத்து மார்புல கட்டி இருக்கான்னு தொட்டுப் பாக்க வைக்கிறாங்க, டெல்லியிலயும் இந்தப் பயிற்சி நடந்திருக்கு. உடம்புல தொட்டா தெரியுற குறி வச்ச பட்டைகள ஒட்டி, அந்த வரிசையிலயே சென்டிமீட்டர் சென்டிமீட்டரா, மேலாக்க ஒரு அழுத்தம், கொஞ்சம் ஆழமா ஒண்ணு, அடி வரைக்கும் ஒண்ணுன்னு தேடுறாங்க. அவசரமா சில நிமிஷத்துல முடியற சோதனைய இவங்க அரை மணி நேரம், அதுக்கு மேலயும் பண்றாங்க, பயந்து போய் படுத்திருக்குற பொண்ணுகிட்ட பேசிக்கிட்டே. ஏதாவது தட்டுப்பட்டா பட்டையில எந்தக் குறிகிட்டன்னு சொல்வாங்க, டாக்டர் அந்த எடத்த ஸ்கேன் எடுத்துப் பாத்து முடிவு சொல்வார்.