கிருமி போகும், உப்பு போகாது: கழிவுநீரில் வளரும் புல்தரை

சித்திரை வெயிலில் மதுரையில் ஒரு சென்ட் புல்தரை பச்சையாக நிற்க, நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். கணக்கு எளிது. அந்த வெயிலில் மண்ணும் புல்லும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக விடுகின்றன. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு ஏக்கர் மைதானத்துக்கு 20,000 லிட்டர். ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை பெய்து, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே முடிந்துபோகும் ஊர் இது. புல்லுக்காகக் குடிநீரையோ போர்வெல் தண்ணீரையோ செலவழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேறு தண்ணீர் இருக்கிறது. குடிநீர்த் திட்டம் வகுக்கும்போது நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைப்பார்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடைக்குத்தான் போகிறது. 500 பேர் தங்கும் கல்லூரி விடுதி என்றால் தினமும் 54,000 லிட்டர் கழிவுநீர். இரண்டரை ஏக்கர் புல்லுக்கு அது தாராளம். ஆனால் புல் அதிகம் தவிக்கிற மே மாதத்தில்தான் விடுதியே காலியாகக் கிடக்கும். திட்டம் போடுகிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

கழிவுநீரில் புல் வளர்ப்பது மதுரைக்குப் புதிதல்ல. அவனியாபுரம் கழிவுநீர்ப் பண்ணையில் மாட்டுத்தீவனப் புல் வளர்த்திருக்கிறார்கள். அந்தப் புல்லில் யாரும் படுத்துப் புரளவில்லை. அறுத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். பூங்காப் புல்தரை அப்படியில்லை. குழந்தை அதில் உருளும், கையை அப்படியே வாயில் வைக்கும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 1989இல் பாசன வரம்புகளை வகுத்தபோது, பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு 100 மில்லிலிட்டரில் 1,000 மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா வரை இருக்கலாம் என்று விட்டது. மக்கள் நேரடியாகத் தொடும் பொதுப் புல்தரைக்கோ 200 போதும் என்று இறுக்கியது.

சுத்திகரிக்காத கழிவுநீரில் அதே 100 மில்லிலிட்டருக்குள் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி வரை அந்தப் பாக்டீரியா இருக்கும். காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்த்துக் கழிவைத் தின்னவைக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பில் நூற்றில் தொண்ணூறோ தொண்ணூற்றொன்பதோ போய்விடும். பத்துக் கோடியில் தொண்ணூற்றொன்பது சதவீதம் போனாலும் மிச்சம் பத்து லட்சம். அதை 200க்குக் கீழே கொண்டுவருவதுதான் கிருமிநீக்கத்தின் வேலை.

குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறு என்பதால் பாக்டீரியாவின் சவ்வைத் தாண்டி எளிதில் உள்ளே நுழைந்து, அதன் புரதங்களைச் சிதைத்துவிடும். தண்ணீரின் பி.எச். 7.5ஐத் தாண்டினால் இந்த அமிலத்தில் பாதிக்கு மேல் ஹைப்போகுளோரைட் அயனியாக மாறிவிடுகிறது. அதற்குக் கொல்லும் வலு மிகக் குறைவு. கழிவுநீரில் அம்மோனியா மிச்சமிருந்தால் அதுவும் குளோரினைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகவே வேலை செய்யும் குளோரமைனாக மாற்றிவிடும். ஆகவே எவ்வளவு குளோரின் போட்டோம் என்பது பெரிதில்லை. எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு நேரம் கிருமியோடு கலந்து நின்றது என்பதே கேள்வி. பூங்கா, மைதானம் போன்ற இடங்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு இது: குறைந்தது 30 நிமிடம் கலந்து நின்ற பிறகும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். ஒன்று கவனிக்க வேண்டும்: நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மாதக்கணக்கில் கிடந்த ப்ளீச்சிங் பவுடரில் பாக்கெட்டில் அச்சடித்த வீரியம் இருக்காது.

குளோரினுக்கு முன்னால் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். கலங்கல் நீரில் கிருமிகள் துகள்களுக்குள் குடை பிடித்ததுபோல் ஒதுங்கி நிற்கும். குளோரின் அவற்றை எட்டாது. 254 நானோமீட்டர் புறஊதாக் கதிரால் கிருமியின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் விளக்கு முறைக்கும் இதே பிரச்சினை. அதனால் மணல் வடிகட்டி வழியாக விட்டு, கலங்கலை அளக்கும் என்.டி.யு. கணக்கில் 2க்குள் கொண்டுவந்த பிறகே கிருமிநீக்கம். வடிகட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வயிற்றில் வளரும் உருண்டைப் புழுவின் முட்டைக்குத் தடித்த ஓடு. வழக்கமான அளவு குளோரினால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அது பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியது, கனமானது. தொட்டியில் படியவைத்தும் மணலில் வடிகட்டியும் தான் அதை அகற்ற முடியும்.

இவ்வளவு செய்தும் தெளிப்பானைப் பகலில் ஓட்டக் கூடாது. காற்றில் பறக்கும் நுண்துளி அக்கம்பக்கத்தார் மூக்கில் ஏறும். இரவில் பாய்ச்சி, விடிந்து புல் உலர்ந்த பிறகு ஆட்களை விட்டால், மிச்சம் மீதிக் கிருமியை உலர்வும் சூரிய ஒளியும் பார்த்துக்கொள்ளும். இந்தக் குழாய் எந்த இடத்திலும் குடிநீர்க் குழாயோடு சேரக் கூடாது. அமெரிக்காவில் இதற்கென்றே ஊதா நிறக் குழாய் பதிக்கிறார்கள்.

கிருமியைப் பற்றிய பயம் எல்லோருக்கும் இருக்கிறது. புல்தரையை உண்மையில் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று: உப்பு. வீட்டுக்குள் வந்த தண்ணீர் சாக்கடையாக வெளியேறும்போது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் உப்பைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு போகிறது. சோப்புத் தூள், சமையல், சிறுநீர் எல்லாம் சேர்ந்த உப்பு. குளோரினோ புறஊதாவோ மணலோ இதைத் தொடாது. லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை ஏக்கருக்கு 20,000 லிட்டர் பாய்ச்சினால், தினமும் 20 கிலோ உப்பை மண்ணில் கொட்டுகிறோம் என்று பொருள். நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். நூறு நாளில் 2 டன்! அடுக்குமாடிக் குடியிருப்புகளில் போர்வெல் நீரின் கடினத்தன்மையைப் போக்கும் இயந்திரத்தைக் கழுவும் உப்புக் கரைசலும் அதே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் (எஸ்டிபி) விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். அதைத் தனியே திருப்பிவிடுவதுதான் முதல் வேலை.

பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல் இந்த உப்பை நன்றாகத் தாங்கும். மண்ணிலுள்ள நீரின் உவர்ப்பை, அது மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து டெசிசீமென்ஸில் அளப்பார்கள். அது மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். பீன்ஸுக்கு எல்லை வெறும் 1. அருகுக்கோ அது 6.9 வரை போகும். கழிவுநீரிலுள்ள நைட்ரஜனையும் அது உண்டு வளரும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால், ஆண்டில் 200 நாள் பாய்ச்சும் ஏக்கருக்கு 40 கிலோ நைட்ரஜன் இலவசமாகக் கிடைக்கிறது. யூரியா மூட்டையை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்; குறைக்காவிட்டால் புல் மீறி வளர்ந்து, மிஞ்சிய நைட்ரேட் நிலத்தடி நீருக்குள் இறங்கும்.

அருகு தாங்கினாலும் மண் தாங்க வேண்டுமே. தேவைக்கு மேல் பத்து, இருபது சதவீதம் கூடுதலாகப் பாய்ச்சினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும், ஆனால் தண்ணீர் வடிய வழி இருந்தால் மட்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் அது லேசில் நடக்காது. சோடியம் செய்யும் கெடுதல் வேறு வகை. களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அது அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பாசன நீர் உப்பாக இருக்கும்வரை மண் ஓரளவு கட்டுப்பட்டு நிற்கும். ஐப்பசியில் உப்பே இல்லாத மழைநீர் விழுந்ததும் துகள்கள் பிரிந்து கரைந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். உப்பைக் கழுவ வந்த மழையே மேல்மண்ணை இறுக்கி, தண்ணீரைத் தேக்கி, புல்லை அழுகவைக்கும். புரட்டாசிக்குள் ஜிப்சம் தூவிவிட வேண்டும். அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், பிறகு வரும் மழை அதை அடித்துக் கீழே கொண்டுபோகும். எத்தனை கிலோ என்பதை மண் பரிசோதனை சொல்லும். அந்த மாதிரியைக் கோடை முடிவில், உப்பு உச்சத்தில் இருக்கும்போது எடுப்பது நல்லது.