புள்ளி எங்கே இருக்கிறது?

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகன் ஹியூஸ்டனில் வேலை பார்க்கிறான், அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டான். சட்டைக்குள் மறைத்து இடுப்பில் வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வைத்திருக்கிறான். இப்போது அதன் மேல், குறி பார்ப்பதற்கு 'ரெட் டாட்' என்று ஒரு கண்ணாடி மாட்டப் போகிறானாம். எதை வாங்குவது என்று குடும்ப வாட்ஸ்அப்பில் படம் படமாகப் போட்டுக் கேட்கிறான். "சினிமாவில் எதிராளி நெற்றியில் சிவப்புப் பொட்டு விழுமே, அதுதானா இது? நீங்கள்தான் டெலஸ்கோப், லென்ஸ் என்று எழுதுகிறவர் ஆயிற்றே, கொஞ்சம் விளக்குங்கள்" என்று கேட்டிருந்தார்.

அம்மாவின் கலக்கம் புரிகிறது. சிங்கப்பூரில் காயப்படுத்தும் நோக்கில் துப்பாக்கியால் சுட்டாலோ, சுட முயன்றாலோ மரண தண்டனை. நம்மில் பலர் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தது தேசிய சேவையில் மட்டும்தான். ஹியூஸ்டன் இருக்கும் டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை இல்லாத, 21 வயது நிரம்பியவர் உரிமம்கூட இல்லாமல் கைத்துப்பாக்கியுடன் நடமாடலாம். எனக்கு நம் ஊர் வழிதான் பிடிக்கும். அது என் கருத்து, அப்படியே இருக்கட்டும். அந்தக் கண்ணாடி எனக்குப் பிடித்த பொருள், அதனால் எழுதுகிறேன்.

முதலில், நெற்றியில் விழும் பொட்டு லேசர். ரெட் டாட் அதுவல்ல. எதிரே இருப்பவர் மேல் எதுவும் விழாது. புள்ளி குறி பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். சரி, அப்படியானால் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது? கண்ணாடியின் மேல் இருப்பது போல் தெரியும். ஆனால் அங்கே இல்லை.

தேசிய சேவையில், பாசிர் லாபா முகாமில் எம்16 துப்பாக்கி பிடித்த தலைமுறை நான். சார்ஜண்ட் காதருகே கத்துவார்: "முன் குறியைப் பார்! முன் குறியைப் பார்!" சாதாரணத் துப்பாக்கியில் கண்ணுக்கு அருகே ஒரு துளையோ பிளவோ இருக்கும், குழல் நுனியில் ஒரு முனை இருக்கும், தொலைவில் இலக்கு. மூன்றும் மூன்று தூரத்தில். கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். அதனால் முனையைக் கூர்மையாகப் பார்த்து, இலக்கை மங்க விட வேண்டும். துரோணர் கேட்டபோது அர்ச்சுனன் "பறவையின் கண் மட்டும்தான் தெரிகிறது" என்றானே, பாசிர் லாபாவில் அப்படிச் சொல்லியிருந்தால் நூறு புஷ்அப் கிடைத்திருக்கும். நாற்பதைத் தாண்டினால் இன்னும் மோசம். கண்ணில் உள்ள வில்லை விறைத்துப்போய், கைநீட்டும் தூரத்தில் உள்ள முனையே மங்கலாகிவிடும். என் மகன் காலத்து எஸ்ஏஆர் 21 துப்பாக்கியில் 1.5 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி கூடவே வருகிறது. அவனுக்கு இந்தப் பாடே இல்லை.

இனி எனக்குப் பிடித்த இடம்.

ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து சுவா சூ காங் பக்கம் போகும் எம்ஆர்டியில் முழுநிலா நாளில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். வீவக புளோக்குகள் பின்னால் ஓடும். நிலா மட்டும் கூடவே வரும். "அப்பா, நிலா நம்மைத் துரத்துது" என்று ஏதாவது ஒரு குழந்தை சொல்லும். நிலா கிட்டத்தட்ட 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்ட ஒளிக்கதிர்கள் நம்மை அடையும்போது ஒன்றுக்கொன்று இணையாகவே வருகின்றன. புக்கிட் பாத்தோக்கில் கண்ணில் படும் கதிரும் அடுத்த நிலையத்தில் கண்ணில் படும் கதிரும் ஒரே திசையிலிருந்து வருகின்றன. கண் எத்தனை நகர்ந்தாலும் நிலா இருக்கும் திசை மாறவில்லை. அதனால்தான் கூட வருகிறது.

ரெட் டாட் என்பது கண்ணாடிக்குள் அடைத்த நிலா.

அதைச் செய்யும் முறை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. குழியாடியின் குவியத்தில் பல்பை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியேறும். டார்ச் விளக்கின் கதை. அந்தக் குழியாடியைப் பாதி ஊடுருவும் கண்ணாடியாக மாற்றுங்கள். சிவப்பு நிறத்தின் ஒரு சிறு பட்டையை மட்டும் திருப்பி அனுப்பி, மற்ற நிறங்களை உள்ளே விடும் பூச்சு அதில் இருக்கும். (ரெட் டாட் வழியே பார்த்தால் உலகம் கொஞ்சம் நீலப் பச்சையாகத் தெரிவது இதனால்தான், சிவப்பின் ஒரு துண்டு வழியில் பறிபோய்விடுகிறது.) பார்வைக்குக் குறுக்கே வராதபடி பல்பைக் கீழே வைத்து, கண்ணாடியை அதற்கேற்பச் சாய்த்துவிட்டால் வேலை முடிந்தது. பல்புக்குப் பதில் எல்இடி. அதன் ஒளிரும் பகுதியை ஒரு நுண்துளை அளவுக்குச் சுருக்குகிறார்கள். குவியத் தொலைவு 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வழக்கமான ஒரு புள்ளிக்கு ஒளிரும் பகுதி 0.022 மில்லிமீட்டர் இருந்தால் போதும். தலைமுடியைவிட மெல்லியது.

இப்போது கண்ணாடியின் எந்த இடத்திலிருந்தும் ஒளி ஒரே திசையில்தான் கண்ணுக்கு வருகிறது. தலையை இடப்பக்கம் நகர்த்தினால் புள்ளி கண்ணாடியின் ஓரத்துக்குப் போகும். ஆனால் தூரத்து இலக்கின் மேல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜன்னல் சட்டத்துக்குள் நிலா நகர்வது போலத்தான் இதுவும். புள்ளியை நடுவில் வைக்க அவசியமே இல்லை. துப்பாக்கியைத் திருப்பினால் மட்டுமே புள்ளியின் திசை மாறும். இன்னொரு லாபமும் உண்டு. முடிவிலியில் இருப்பது போல் தெரியும் புள்ளியும் தூரத்தில் இருக்கும் இலக்கும் கண்ணுக்கு ஒரே ஃபோகஸில் கிடைக்கின்றன. கடைசியில் அர்ச்சுனன் சொன்னதே சரியாகிறது. பறவையைப் பார், புள்ளி தானாக வந்து நிற்கும்.

இதை உருவாக்கியவர் துப்பாக்கிக்காரர் அல்லர் என்பதில் எனக்கு அலாதி மகிழ்ச்சி. ஹோவர்ட் கிரப், டப்ளினில் தொலைநோக்கி செய்தவர். 1900இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அவர் நிறுவனம் பின்னால் கிரப் பார்சன்ஸ் என்று பெயர் மாறியது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் கோபுரத்தின் உச்சியில் நின்று சூரிய ஒளியைச் சுரங்கத்துக்குள் அனுப்பும் கண்ணாடிகள் அந்த கிரப் பார்சன்ஸ் செய்தவைதான். 1918இல் ஜெர்மன் போர் விமானங்களில் கிரப்பின் யோசனை பொருத்தப்படும் வரை பெரிதாக யாரும் சீண்டவில்லை. 1962இல் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்தார். 1975இல் சுவீடனின் ஏய்ம்பாயிண்ட் இரண்டையும் சேர்த்து முதல் மின்னணு ரெட் டாட்டை விற்றது. ஆய்வு நிதிக்கான விண்ணப்பத்தில் "இதன் பொருளாதாரப் பயன் என்ன, எத்தனை ஆண்டில்?" என்று ஒரு கட்டம் இருக்கும். 1900இல் கிரப் அதில் என்ன எழுதியிருப்பார்? எழுபத்தைந்து ஆண்டு என்றா? அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

என்னிடமுள்ள தொலைநோக்கியிலும் இதே கண்ணாடி இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் ஸ்டீவ் குஃபெல்ட் என்ற அமெரிக்கர் செய்த டெல்ராட். வானத்தில் மூன்று சிவப்பு வளையங்களைக் காட்டும். தொலைநோக்கிப் பட்டறையில் பிறந்து, போருக்குப் போய், மறுபடி தொலைநோக்கிக்கே வந்துவிட்டது.

சரி, தேர்வுக்கு வருவோம். பெட்டியில் '3 எம்ஓஏ', '6 எம்ஓஏ' என்று போட்டிருக்கும். புள்ளியின் கோண அளவு அது. ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நம் பஞ்சாங்கத்தில் இதற்குக் 'கலை' என்று அழகான பெயர் உண்டு. கிரகம் எத்தனை பாகை, எத்தனை கலையில் நிற்கிறது என்று கணிப்பதை நான் மதிக்கிறேன். அந்தக் கலையை வைத்து என் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் என்று சொல்ல வருபவரிடம் மட்டும்தான் சண்டை. முழுநிலாவின் அகலம் சுமார் 30 கலை. ஆக 3 எம்ஓஏ புள்ளி நிலாவில் பத்தில் ஒரு பங்கு. 25 மீட்டரில் அது மறைப்பது 2.2 சென்டிமீட்டர். 6 எம்ஓஏ என்றால் 4.4. ஏழு மீட்டரில் 6 எம்ஓஏ புள்ளி வெறும் 1.2 சென்டிமீட்டர்தான். தற்காப்புத் துப்பாக்கி கிட்டத்தில் பயன்படுவது. அதற்குப் பெரிய புள்ளியே நல்லது, சட்டென்று கண்ணில் படும்.

அடுத்தது திறந்ததா, மூடியதா. டிரிஜிகானின் ஆர்எம்ஆர் போன்றவற்றில் எல்இடி வெளியே திறந்து கிடக்கும். அதன் மேல் ஒரு மழைத்துளி விழுந்தால் புள்ளி சிதறிப்போகும். சட்டைக்குள் வைப்பவனுக்கு மழையைவிடத் துணிப்பிசிறும் வியர்வையும்தான் எதிரி. ஏய்ம்பாயிண்டின் அக்ரோ போன்றவை முன்னும் பின்னும் கண்ணாடி வைத்து அடைத்தவை. கொஞ்சம் தடிமன், ஆனால் உள்ளே எதுவும் புகாது. ஏர்கான் பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி பனித்து, ஐந்து நிமிடம் குருடாக நிற்பவன் நான். ஹியூஸ்டனும் நம் ஊர் போலப் புழுங்கும் இடம். வெளிப்பக்கம் பனிப்பதை மூடிய வகையும் தடுக்காது. துடைத்தால் போதும் என்பதுதான் வித்தியாசம்.

பேட்டரி பற்றிக் கவலை வேண்டாம். நல்ல மாடல்களுக்கு 50,000 மணி நேரம் என்கிறார்கள். கடிகார பேட்டரி போன்ற சிஆர்2032 சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி தரும். வகுத்தால் 4.4 மைக்ரோஆம்பியர்! அவ்வளவு சிறிய மின்னோட்டம் எப்படிப் போதும்? ஒளி நாலாபக்கமும் சிதறாமல் ஒரே திசையில் கண்ணுக்கே வந்துவிடுவதால்தான். தானாக வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வசதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. உணரி அளப்பது துப்பாக்கி இருக்கும் இடத்தின் வெளிச்சத்தை. இருட்டு அறையில் நின்று வெயிலைப் பார்த்தால் புள்ளி மங்கிக் காணாமல் போகும். கையால் மாற்றும் பொத்தானும் இருக்க வேண்டும். மெல்லிய துப்பாக்கிகளுக்குத் திருகுத் துளைகளின் அமைப்பு வேறு, வாங்கும் முன் அது பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கண் நகரும்போது புள்ளி இலக்கை விட்டு விலகுவதுதான் இடமாறு தோற்றப்பிழை. அது 'அறவே இல்லை' என்ற விளம்பரம் பாதி உண்மை. எங்கே பார்த்தாலும் பிசகாத கண்ணாடி கிடையாது, ஓரத்தில் கதிர்கள் சற்றே கோணும். நல்ல நிறுவனங்கள் இரண்டு வளைவுகள் சேர்ந்த கண்ணாடியால் அதைக் குறைக்கின்றன. 1870களில் மாஞ்சன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி தேடுவிளக்குக்காகக் கண்டுபிடித்த உத்தி அது. கிட்டத்து இலக்கிலும் சிறு பிசகு வரும், கண் நகர்ந்த அளவுக்கு, அதாவது ஒரு சென்டிமீட்டர் போல. அதற்கு மேல் வளராது. கண்ணாடி குழலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் மூன்று மீட்டரில் குண்டு புள்ளிக்கு இரண்டு சென்டிமீட்டர் போலக் கீழேதான் படும். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

புள்ளி வைத்தால் குறி தானாக விழும் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். இணைக்கதிர்கள் ஜன்னல் அகலத்தில் ஒரு குழாய் போல வருகின்றன. கண் அந்தக் குழாய்க்கு வெளியே இருந்தால் ஒன்றுமே தெரியாது. சமையலறை ஜன்னலில் சரியான இடத்தில் நின்றால்தான் நிலா தெரியும், அது போல. பழகாதவர்கள் துப்பாக்கியை உயர்த்திவிட்டுப் புள்ளியைத் தேடி மணிக்கட்டை ஆட்டுவார்கள். குண்டு இல்லாத துப்பாக்கியை வைத்துச் சுவரைப் பார்த்து நூற்றுக்கணக்கான முறை உயர்த்திப் பழகினால்தான் கை தானாகச் சரியான கோணத்தில் நிற்கும். பழைய இரும்புக் குறிகளையும் கழற்றிவிட வேண்டாம்.

கடைசியாக அந்த அம்மா போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி: நண்பனின் துப்பாக்கியில் பார்த்தபோது மகனுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியவில்லையாம், வால் முளைத்த அரைப்புள்ளி போல் இருந்ததாம். மட்டமான கண்ணாடி என்கிறானாம். எனக்கும் இப்படி நடந்தது. தொலைநோக்கிக்கு வாங்கிய ரெட் டாட் சிந்திய குங்குமம் போல் தெரிய, கடைக்காரரிடம் போய்க் குரலை உயர்த்தினேன். அவர் பேசாமல் கைப்பேசியை எடுத்துக் கண்ணாடி வழியே ஒரு படம் பிடித்துக் காட்டினார். கச்சிதமான வட்டம். கோளாறு என் கண்ணில்; கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைந்திருக்கவில்லை. மகனையும் அப்படி ஒரு படம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால், கடைக்குப் போகும் முன் கண் டாக்டரிடம் போகட்டும்.