இன்குபேஷன்: நோய் அடைகிடக்கும் காலம்

கிருமி உடலுக்குள் புகுந்த நேரத்துக்கும் முதல் அறிகுறி தலைகாட்டும் நேரத்துக்கும் இடைப்பட்ட காலம் ‘இன்குபேஷன் பீரியட்’. கயாவுக்கோ காசிக்கோ மக்காவுக்கோ போய்வந்த ஒருவர் காய்ச்சலோடு கொழும்பில் வைத்தியரிடம் வந்தால், குருதி எடுக்கும் முன்னரே போடவேண்டிய கணக்கு இதுதான். கணக்கு பிழைத்தால் பரிசோதனையும் பிழையான திசையில் போகும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘இன்’ என்றால் மேல். ‘கியூபாரே’ என்றால் கிடத்தல். ‘இன்கியூபாரே’ என்பது முட்டைமேல் கோழி கிடப்பதைக் குறித்தது. அலுவலகத்தில் நாம் அடைபட்டிருக்கும் ‘கியூபிக்கல்’ கூட இந்தக் கிடத்தலின் பிள்ளைதான். முதலில் அது படுக்கையறை. இதே வினைக்கு இன்னொரு பொருளும் இருந்தது. பண்டைய கிரேக்கத்தில் எபிடோரஸ் போன்ற இடங்களில், மருத்துவக் கடவுளான அஸ்கிலிபியஸின் கோயிலுக்கு நோயாளிகள் யாத்திரையாகப் போய், கனவில் குணம் கிடைக்குமென்று அங்கேயே இரவு படுத்துக் கிடந்தார்கள். ரோமர் அதை ‘இன்குபாசியோ’ என்றனர். நம்மிடம் அதற்கு வரங்கிடத்தல் என்ற சொல் உண்டு.

தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன: நோயரும்பு காலம், அடைகாப்புக் காலம், அடைகாலம். அச்சில் அதிகம் தென்படுவது நோயரும்பு காலம். அழகான சொல், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அரும்பு கண்ணுக்குத் தெரிவது. ‘நோய் அரும்புகிற காலம்’ என்று கேட்பவர் இலேசான காய்ச்சலும் உடல் உளைச்சலும் தொடங்கிய நாட்களை நினைத்துக்கொள்வார். குறிக்கவேண்டியதோ அதற்கு முந்திய, ஒன்றுமே தெரியாத நாட்களை. அடைகாப்பில் அந்த மயக்கம் இல்லை. முட்டைக்குள் நடப்பது வெளியே தெரியாது. அதைவிடப் பொருத்தம் ‘அடைகிடப்புக் காலம்’. ‘கோழி அடை கிடக்குது’ என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தக் ‘கிட’ லத்தீன் வேரை அப்படியே பிடித்துவிடுகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக்கூடாது: கோழிக்கு 21 நாள் என்று கணக்கு உண்டு, கிருமிக்கு ஒற்றைத் தேதி இல்லை, ஆகக் குறைந்த நாளும் ஆகக் கூடிய நாளுமே உண்டு.

கணக்குப் போட மூன்று திகதிகள் வேண்டும்: அந்த ஊரில் கால்வைத்த நாள், அங்கிருந்து புறப்பட்ட நாள், காய்ச்சல் தொடங்கிய நாள். புறப்பட்ட நாளிலிருந்து காய்ச்சல் வரை எண்ணினால் குறைந்தபட்ச இடைவெளி. போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் கூடியபட்சம். ஒரு நோயின் அடைகிடப்புக் காலம் இந்த இரண்டுக்கும் இடையில் எங்காவது விழுந்தால் அந்த நோயைச் சந்தேகிக்கலாம்; விழாவிட்டால் விட்டுவிடலாம். அதிகம் நடக்கும் பிழை, காய்ச்சல் தொடங்கிய நாளுக்குப் பதிலாக வைத்தியசாலைக்கு வந்த நாளை எழுதுவது. வீட்டில் பனடோல் போட்டுக்கொண்டு நாலு நாள் இருந்தவருக்கு அந்த நாலு நாளும் கணக்கைப் புரட்டிவிடும்.

மார்ச் 1ஆம் திகதி பீகாரிலுள்ள புத்தகயா போய், 14ஆம் திகதி புறப்பட்டு வந்தவருக்கு ஏப்ரல் 1ஆம் திகதி காய்ச்சல் என்று வைப்போம். இடைவெளி 18 முதல் 31 நாள். டெங்குவின் அடைகிடப்பு வழக்கமாக 4 முதல் 10 நாள், 14ஐத் தாண்டாது. ஆகவே பீகாரில் தொற்றிய டெங்கு அல்ல. ஆனால் வெள்ளவத்தையில் தொற்றிய டெங்குவாக இருக்கலாம். யாத்திரை போனவரும் ஊருக்குத் திரும்பியபின் உள்ளூர் நுளம்புக்கு உரியவர்தான். மலேரியா, நெருப்புக்காய்ச்சல் எனும் டைபொயிட் (6 முதல் 30 நாள்), செங்கண்மாரியாக வரும் ஹெபடைட்டிஸ் ஏ (15 முதல் 50 நாள்) எல்லாம் பட்டியலில் நிற்கும். பீகார் என்பதால் மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோயான காலா அசாரும் நினைவில் இருக்கவேண்டும். அது பொதுவாக 2 முதல் 6 மாதம் கிடக்கும் என்பதால் இப்போதல்ல, நாட்பட்ட காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாகப் பிறகு வரக்கூடியது. மாறாக, வேளாங்கண்ணியில் நாலு நாள் தங்கி, திரும்பிய அன்றே காய்ச்சல் என்றால் அந்தப் பயணத்து மலேரியாவுக்கு வாய்ப்பில்லை. அதற்குக் குறைந்தது 7 நாள் வேண்டும்.

கொழும்பில் தடுக்கி விழும் இடம் மலேரியாதான். இலங்கையில் உள்ளூரிலேயே தொடர்ந்து பரவிவந்த மலேரியா கடைசியாக 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று சான்று தந்தது. அதன்பின் பயிற்சிக்கு வந்த இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். காய்ச்சல், குருதிச்சிறுதட்டுகள் (பிளேட்லெட்) குறைவு என்றதும் இங்கே கை டெங்குவுக்கே போகும். மலேரியாவிலும் சிறுதட்டுகள் குறையும். ஆகவே பயணம் போனவருக்கு டெங்கு என்.எஸ்.1 பரிசோதனையோடு, கண்ணாடித் தகட்டில் தடித்த பூச்சும் மெல்லிய பூச்சுமாக மலேரியாக் குருதிப் பரிசோதனையும் அன்றே செய்யவேண்டும். தடித்த பூச்சு ஒட்டுண்ணி இருக்கிறதா என்று காட்டும். மெல்லியது எந்த இனம் என்று காட்டும். முதல் பூச்சில் இல்லை என்றால் முடிந்ததாகாது. 12 முதல் 24 மணி இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை பார்க்கவேண்டும். துரிதப் பட்டிப் பரிசோதனை உதவும், ஆனால் அண்மையில் இந்தியாவிலேயே மருந்து குடித்து முடித்தவருக்கு அது கிழமைக் கணக்கில் ‘இருக்கிறது’ என்றே காட்டக்கூடும். நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா தடுப்பு இயக்கத்துக்கு அறிவிப்பதும் இதோடு சேர்ந்த வேலை.

வைவாக்ஸ் மலேரியா இந்தக் கணக்குக்கே அடங்காது. அதன் ஒட்டுண்ணி கல்லீரலில் ‘ஹிப்னோஸோயிட்’ ஆக, அதாவது உறங்குயிரியாக, மாதக்கணக்கில் கிடந்து எழும். ஒருமுறை காய்ச்சல் வந்து தணிந்தபின் இப்படித் திரும்புவதை அடைகிடப்பு என்பதில்லை, மீளெழுச்சி என்றே சொல்லவேண்டும். ஆகவே ‘கடந்த மாதம் எங்காவது போனீர்களா’ என்ற கேள்வி போதாது. ஒரு வருடமும் அதற்கு மேலும் பின்னால் போய்க் கேட்கவேண்டும். ‘வெளிநாடு போனீங்களா’ என்றும் கேட்கக்கூடாது. பலருக்கு வெளிநாடு என்றால் டுபாயும் லண்டனும்தான்; சபரிமலையும் காசியும் யாத்திரைக் கணக்கு. இடத்தின் பெயரைச் சொல்லியே கேட்கவேண்டும்.

ஹஜ், உம்ரா போய்வந்தவருக்குக் கணக்குச் சிறியது. மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகொக்கஸ் கிருமிக்கு 2 முதல் 10 நாள், ஒட்டகத்திலிருந்தும் தொற்றக்கூடிய சுவாச நோயான மெர்ஸுக்கு 2 முதல் 14 நாள். முதலாவதற்கு, அதன் நான்கு வகைகளையும் தடுக்கும் ஏ.சி.டபிள்யூ.வை. தடுப்பூசி கட்டாயம், அதுவும் போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜில் டபிள்யூ135 வகை பரவியதற்குப் பிறகே தடுப்பூசியின் வகை இப்படி விரிந்தது. ஆனால் கிருமியைத் தொண்டையில் சுமந்துவந்து, தான் நோயாகாமல் வீட்டாருக்குக் கொடுப்பவருக்கு அடைகிடப்பு என்று எதுவுமில்லை. மெர்ஸுக்கு ஒட்டகத்தோடு தொடர்பு இருந்ததா, காய்ச்சாத ஒட்டகப்பால் குடித்தாரா என்று கேட்பதோடு, முடிந்தால் தொண்டைத் துடைப்போடு நிற்காமல் சளியையும் எடுக்கவேண்டும். கிருமி நுரையீரலின் அடியில்தான் அதிகம்.

ஆய்வுகூடத்திலும் ஒரு இன்கியூபேட்டர் இருக்கிறது. நெருப்புக்காய்ச்சல் சந்தேகத்தில் எடுத்த குருதி வளர்ப்புப் போத்தலை அதில் 35 முதல் 37 பாகையில் ஐந்து நாள்வரை வைப்பார்கள். அதற்குத் தமிழில் அடைகாப்பான் என்பதே சரி. அந்தப் போத்தலில் குருதி சேரும் முன் அன்டிபயோட்டிக் கொடுத்துவிட்டால், எத்தனை நாள் அடை வைத்தாலும் பெரும்பாலும் கூழ்முட்டைதான்.