நாக்டர்ன்: தமிழில் இரவிசை

செவ்வியல் பியானோ இசைக்குள் புதிதாக நுழைகிறவர்களில் பலர் முதலில் மனதைப் பறிகொடுப்பது நாக்டர்ன் என்கிற சிறு பியானோ படைப்பிடம்தான். பெரும்பாலும் நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வலக்கை ஒரு மெட்டைப் பாடும், இடக்கை அதைத் தாங்கிக்கொண்டு போகும். இசை இலக்கணம் தெரியாவிட்டாலும் அந்த மெட்டின் பின்னாலேயே போய்விடலாம்.

லத்தீன் மொழியில் 'நாக்ஸ்' என்றால் இரவு. 'நாக்டர்னுஸ்' என்றால் இரவுக்குரியது. கிறித்தவத் துறவியர் மடங்களில் இரவு வழிபாட்டின் பகுதிகளுக்கு இதிலிருந்தே பெயர் வந்தது. அப்புறம் 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியர்கள் 'நொட்டூர்னோ' என்றார்கள். இரவு நேர விருந்துகளிலும் திறந்த வெளியிலும் பல கருவிகள் சேர்ந்து வாசிக்கிற இசை அது. மொட்சார்ட், ஹைடன் இருவருமே அந்த வகையில் எழுதியிருக்கிறார்கள். இருட்டோ ஏக்கமோ அவற்றில் இருந்தாக வேண்டும் என்பதில்லை, கலகலப்பாகவே இருக்கும். அந்தக் காலத்தில் இந்தச் சொல் வேளையைத்தான் குறித்தது, மனநிலையை அல்ல.

அதை மாற்றியவர் ஜான் ஃபீல்ட் என்ற பியானோ இசையமைப்பாளர். 1782-இல் டப்ளினில் பிறந்தவர், பியானோ கலைஞர் கிளெமென்டியின் மாணவர். ஆசிரியரோடு ரஷ்யாவுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1812 முதல் அவர் வெளியிட்ட சிறு பியானோ படைப்புகளுக்குத்தான் 'நாக்டர்ன்' என்ற பிரெஞ்சு வடிவம் பெயரானது. பல கருவிகள் போய் ஒரே கருவி வந்தது. விருந்துக் கூட்டம் போய்த் தனிமை வந்தது.

இது பியானோவில்தான் நடக்க முடியும். அதற்குக் காரணம் வலது மிதி. சாதாரணமாக ஒரு கட்டையை விட்டதும் அதற்குரிய தந்தியின்மேல் ஒரு மெத்தை விழுந்து ஒலியை நிறுத்திவிடும். வலது மிதியை அழுத்தினால் எல்லா மெத்தைகளும் மேலே தூக்கிக்கொள்ளும். அடித்த தந்தி தொடர்ந்து ஒலிக்கும், அடிக்காத தந்திகளும் சேர்ந்து அதிரும். ஆகவே இடக்கை ஆழத்தில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, அது அடங்குமுன் மேலே போய் மற்றச் சுரங்களையும் தொட்டு வரலாம். ஒரு கை எட்டாத தூரம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். நாம் நாக்டர்னில் 'இரவு' என்று உணர்வதில் பெரும்பகுதி இந்த அதிர்வுதான் என்பது என் எண்ணம்.

ஃபீல்ட் போட்ட பாதையில் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பான் வெகுதூரம் போனார். அவர் எழுதியவை மொத்தம் 21. அவற்றில் 18 அவர் காலத்திலேயே அச்சேறின. நல்ல பாடகர்களைக் கேளுங்கள் என்று மாணவர்களிடம் வற்புறுத்தியவர் அவர். அந்தப் பாடகர்கள் செய்வதை ஓபஸ் 9-இன் ('ஓபஸ்' என்பது படைப்புகளின் வெளியீட்டு எண்) இரண்டாவது நாக்டர்னில் விரல்களால் செய்து காட்டியிருக்கிறார். மெட்டு திரும்ப வரும்போதெல்லாம் புதுப்புது அசைவுகள் சேர்ந்துகொண்டே போகும். ஒரு முறை வந்ததுபோல் இன்னொரு முறை வராது. அதைக் கேட்டு மயங்கியவர்கள் அடுத்து ஓபஸ் 27-இன் இரண்டாவதைக் கேட்க வேண்டும், பிறகு ஓபஸ் 48-இன் முதலாவதை. கடைசியாகச் சொன்னது மெல்லத் தொடங்கும். நடுவில் ஒரு வழிபாட்டுப் பாடல்போல விரியும். முதல் மெட்டு திரும்பும்போது அடியில் கொந்தளிப்பு மூண்டிருக்கும். நாக்டர்ன் என்றால் தூங்கவைக்கிற இசை என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும். சரி, ஷோப்பானோடு நின்றுவிடவும் வேண்டாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே எழுதிய 13 நாக்டர்ன்களும் இருக்கின்றன. பிற்காலத்தவை கடினமானவை, ஆனால் பொறுமையாகக் கேட்டால் கைவிடாதவை.

இந்தச் சொல் ஓவியத்துக்கும் போனது. ஓவியர் விஸ்லர் தம் இரவுக் காட்சிகளுக்கு இந்தப் பெயரையே வைத்தார். அங்கிருந்து இசையமைப்பாளர் டெபுஸ்ஸி அதை மீண்டும் இசைக்குக் கொண்டுவந்து, ஓர் இசைக்குழுப் படைப்புக்குச் சூட்டினார்.

தமிழுக்கு வருவோம். நாக்டர்னுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? நம்மிடம் 'இராப்பண்' என்ற அருமையான பழஞ்சொல் இருக்கிறது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரிப்பார்கள். இன்று நீலாம்பரி என்று நாம் அறிகிற மேகராகக்குறிஞ்சி ஓர் இராப்பண். இதையே நாக்டர்னுக்கு வைத்துவிடலாமே என்று ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பொருந்தாது. பண் என்பது சுரங்களின் ஒழுங்கு. அதில் எத்தனையோ பாடல்கள் அமையும். நாக்டர்ன் என்பது ஒருவர் எழுதி முடித்த தனிப் படைப்பு. மேலும், இராப்பண் பாட வேண்டிய வேளையைச் சொல்கிறது. நாக்டர்னைக் காலையிலும் வாசிக்கலாம், இரவு அதன் உணர்வில் இருக்கிறது.

'இராப்பாட்டு' என்றால் சொற்கள் உள்ள பாட்டு என்று தோன்றிவிடும். 'யாமம்' அழகான சொல்தான், ஆனால் நள்ளிரவு என்று குறுகிவிடுகிறது. எனக்குச் சரியாகப் படுவது 'இரவிசை'. எளிதில் புரியும், பன்மையும் வேற்றுமையும் இயல்பாக ஏற்கும்: இரவிசைகள், இரவிசையை, இரவிசைத் தொகுதி. இரவில் கேட்கிற எந்த இசையையும் இது குறிக்குமே என்று ஒருவர் கேட்கலாம். முதல் முறை வரும் இடத்தில் 'நாக்டர்ன் எனப்படும் இரவிசை' என்று எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் தீரும். படைப்பின் பெயராக வரும்போது எண்ணோடு சேர்த்து, 'ஷோப்பானின் இரவிசை, ஓபஸ் 9, எண் 2' என்று எழுதலாம்.