கேம்பர் என்னும் சக்கரச் சாய்வு

சென்னையில் வீல் அலைன்மென்ட் கடைகளின் திரையில் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு), கேஸ்டர் ஆகியவற்றோடு காணப்படும் கோணம் கேம்பர். காரை நேர் முன்னாலிருந்து பார்க்கையில், சக்கரம் செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறது என்பதையே இது குறிக்கிறது. சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்தால் நெகட்டிவ். வெளிப்புறம் சாய்ந்தால் பாசிட்டிவ்.

வளைந்தது எனப் பொருள்படும் 'கமுருஸ்' என்ற இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் கேம்பர் ஆயிற்று. கப்பலின் மேல்தளம் நடுவில் சற்று உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருப்பதையும், மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி அமைப்பதையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அவை இரண்டும் உண்மையிலேயே வளைவுகள். சக்கரமோ வளைவதில்லை, சாய்கிறது. சொல்லின் வேரை மட்டும் பார்த்து இதற்கும் 'வளைவு' என்று எழுதினால், படிப்பவர் பள்ளத்தில் அடிபட்டு நெளிந்த ரிம்மை நினைத்துக்கொள்வார். அது முற்றிலும் வேறு பழுது. ஆகவே சாலைக்கு 'மேல்வளைவு', காருக்குச் 'சக்கரச் சாய்வு' எனப் பிரித்து வழங்குவதே பொருத்தம். கேஸ்டரும் ஒரு சாய்வுதான் என்றாலும், அது பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தெரியும் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு. எனவே குழப்பம் வராது. நெகட்டிவுக்கு 'எதிர்மறைச் சாய்வு' என்பதைவிட 'உட்சாய்வு' என்பதே மேல். பாசிட்டிவ் 'வெளிச்சாய்வு' ஆகும். சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது சொல்லிலேயே விளங்கிவிடும்.

வளைவில் திரும்பும்போது கார் வெளிப்புறமாகச் சரிவதால், சிறிதளவு உட்சாய்வு டயரைத் தரையோடு நன்றாகப் பதிய வைக்கிறது. அளவு மீறினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியில் நின்று பார்ப்பவருக்கு டயர் புதிதுபோலத் தெரியும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, உள்விளிம்பை விரலால் தடவினால்தான் வழுவழுப்பு புலப்படும். இரு முன்சக்கரங்களின் சாய்வு வேறுபட்டால், வெளிச்சாய்வு மிகுந்த பக்கம் கார் இழுக்கும்.

பல சிறிய கார்களில் இந்தக் கோணத்தைத் திருத்தத் தனி அமைப்பு இல்லை. அவற்றில் சாய்வு மாறியிருந்தால், ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் அடங்கிய தாங்குதண்டு) லோயர் ஆர்மோ (சக்கரத்தைக் கீழ்ப்புறம் காரோடு பிணைக்கும் கை) வளைந்திருக்கலாம், புஷ் எனும் ரப்பர் இணைப்பு தேய்ந்திருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியவை அவையே. அவை நன்றாக இருந்தால், ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாக மையம் விலகிய கேம்பர் போல்ட்டைப் பொருத்துவார்கள். அதைத் திருக, நக்கிள் சற்றே நகர்ந்து சக்கரத்தின் சாய்வு மாறும். அப்போது டோவும் மாறிவிடும் என்பதால், சாய்வை முதலிலும் டோவை இறுதியிலும் சரிசெய்ய வேண்டும்.