காசு அசல்தான், ஆனால் அது அங்கேதான் கிடைத்ததா?

அகழாய்வுக் குழியிலிருந்து ஒரு பழங்காசு வெளியே வந்தால் இரண்டு கேள்விகள் எழும். இந்தக் காசு அசலா? இது இத்தனை நூற்றாண்டுகளாக இந்த இடத்தில்தான் புதைந்து கிடந்ததா? முதல் கேள்விக்கு ஆய்வுக்கூடம் பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கான பதில் காசில் இல்லை, அதைச் சுற்றியிருந்த மண்ணில் இருக்கிறது. காசுச் சர்ச்சைகள் பல ஆண்டுக்கணக்கில் இழுப்பதற்கு இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் காசைப் பார்ப்போம். சீனம் போன்ற சில இடங்களில் காசுகளை வார்த்தார்கள். கிரேக்கர், ரோமர் உள்ளிட்ட பலரும் பெரும்பாலும் அச்சடித்தார்கள். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் உலோக வில்லை, ஓங்கி ஒரு சம்மட்டி அடி. அந்த அடியில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிதுங்கும். அது நகர்ந்த தடம் எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய கோடுகளாக உருப்பெருக்கியில் தெரியும். விளிம்பு ஆங்காங்கே வெடித்திருக்கும். அப்படிப்பட்ட காசை அச்செடுத்து வார்த்த போலியில் இந்தத் தடங்கள் மழுங்கிப் போயிருக்கும். பரப்பில் காற்றுக்குமிழிகள் விட்ட நுண்குழிகள் இருக்கும். விளிம்பைச் சுற்றி வார்ப்பின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு தெரியும், இல்லாவிட்டால் அதை அரம் வைத்துத் தேய்த்த அடையாளமாவது தெரியும்.

இன்னொரு சோதனை எளிமையானது, ஆனால் வலுவானது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் உருவம் ஒன்றாக இருக்கும். விளிம்பு வெடித்த இடம், உருவம் நடுவிலிருந்து விலகிய அளவு, தேய்மானம், கீறல் எல்லாமே ஒன்றாக இருந்தால் இரண்டில் ஒன்றாவது வார்ப்பு நகல்தான்.

போலி செய்பவர்களுக்கும் இதெல்லாம் தெரியும். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) வார்ப்பு வேலைக்கே போகவில்லை. பழங்கால அச்சுகளைப் போலவே தன் கையால் அச்சு வெட்டினார். மலிவாகக் கிடைத்த அசல் பழங்காசுகளை எடுத்து, அவற்றின் மேல் அரிய காசுகளின் உருவத்தை அடித்தார். பிறகு இரும்புத்தூளும் மசகும் நிரப்பிய பெட்டியில் அவற்றைப் போட்டு, தன் குதிரை வண்டியில் கட்டி ஊர் சுற்ற விட்டார். வண்டி குலுங்கக் குலுங்கக் காசுகள் தேய்ந்து பழசாயின. உலோகம் பழையது, அடியும் அசல் அடி, உருவம் மட்டும் புதிது. இப்படிப்பட்ட காசில் உலோகச் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

இருந்தாலும் உலோகம் நிறையச் சொல்லும். பழங்காலத்தில் வெள்ளியை ஈயத்தோடு உருக்கிச் சுத்தப்படுத்தினார்கள். அந்த முறையில் வெள்ளியோடு கலந்திருக்கும் சிறிதளவு தங்கம் பிரியாது. ஆகவே பழைய வெள்ளியில் பொதுவாகத் தங்கமும் ஈயமும் துளித்துளியாக எஞ்சியிருக்கும். இன்று மின்பகுப்பில் சுத்தப்படுத்தும் வெள்ளியோ அளவுக்கு மீறித் தூய்மையானது. பித்தளைக் காசு என்றால் துத்தநாகத்தின் அளவைப் பார்ப்பார்கள். ரோமர்களின் முறையில் அது ஏறக்குறைய 28 சதவீதத்துக்கு மேல் போகாது. ஈயத்தில் இன்னொரு கடிகாரமும் உண்டு. புதிதாக உருக்கிய ஈயத்தில் ஈயம்-210 என்ற கதிரியக்க ஐசோடோப்பு இருக்கும். ஏறக்குறைய 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை சொல்லும் ஒரு பொருளில் அது கணிசமாக இருந்தால், அந்த ஈயம் அண்மையில் உருக்கியது என்று அர்த்தம்.

இந்த அளவுகளில் பலவற்றை எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் காசைச் சுரண்டாமலே எடுக்கலாம். ஆனால் அந்தக் கருவி பார்ப்பது மேற்பரப்பை மட்டும்தான். செம்பு கலந்த வெள்ளிக்காசு மண்ணில் கிடக்கும்போது மேற்பரப்புச் செம்பு மெல்லக் கரைந்து வெளியேறிவிடும். மேலே வெள்ளி மிஞ்சும். அதனால் கருவி காட்டும் வெள்ளியின் அளவு உண்மையைவிட அதிகமாக வரும். உள்ளே பார்க்க நியூட்ரான் கற்றை போன்ற ஆழமாக ஊடுருவும் முறைகள் வேண்டும்.

போலி செய்பவரை அதிகமாகச் சிரமப்படுத்துவது களிம்புதான். செப்புக்காசு மண்ணில் கிடக்கும்போது உலோகத்தை ஒட்டிச் சிவப்பு நிறக் குப்ரைட் அடுக்கு உருவாகும், அதன் மேல் பச்சை நிற மாலகைட் படியும். காலம் போகப்போக அரிப்பு உலோகத் துகள்களின் எல்லைகள் வழியாக உள்ளே ஊர்ந்து போகும். காசின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், வேர் பரவியதுபோல அரிப்பு உள்ளே இறங்கியிருப்பது தெரியும். அமிலத்தில் ஊறவைத்தும் சாயம் பூசியும் பச்சை நிறத்தை ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிடலாம். உள்ளே இறங்கும் அந்த அரிப்பைக் கொண்டுவருவது மிகக் கடினம். அதனால்தான் குழியிலிருந்து எடுத்த காசை உடனே தேய்த்துக் கழுவக்கூடாது என்று ஆய்வாளர்கள் கெஞ்சாத குறையாகச் சொல்கிறார்கள். பளபளப்பாக்கிய காசில் சாட்சியத்தில் பாதி போய்விடும்.

சரி, இத்தனை கருவிகள் இருந்தும் சண்டை ஏன் தீர்வதில்லை? 1713-இல் இன்றைய ருமேனியாவில் உள்ள திரான்சில்வேனியாவில் கிடைத்ததாகப் பதிவான சில தங்கக் காசுகளில் ஸ்பான்சியன் என்றொரு பெயர் இருந்தது. அப்படி ஒரு ரோமப் பேரரசர் இருந்ததற்கு வேறு எந்தச் சான்றும் கிடையாது. காசுகளும் வார்த்தவை, வேலைப்பாடும் கரடுமுரடு. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றைப் போலி என்று ஒதுக்கினார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பால் பியர்சன் குழுவினர் கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருந்த காசுகளை நுண்ணோக்கியில் பார்த்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புழக்கத்தில் ஏற்படும் நுண்கீறல்களும், நெடுங்காலம் புதைந்திருந்ததைக் காட்டும் மண்படிவுகளும் இருப்பதால் இவை அசலே என்றார்கள். ரோமிலிருந்து துண்டிக்கப்பட்ட, அந்தப் பகுதியை உள்ளடக்கிய டாசியா மாகாணத்தில் ஒரு தளபதி தன் பெயரில் வெளியிட்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நாணயவியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. ரோமக் காசு அச்சடிக்கப்படும், வார்க்கப்படுவதில்லை. பின்புறத்து உருவமோ ஸ்பான்சியன் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்தைவிட முந்நூறு ஆண்டுக்கும் மேல் பழைய, ரோமக் குடியரசுக் காலக் காசொன்றின் நகல். கீறலையும் மண்ணையும் செயற்கையாக உண்டாக்கலாம் என்றும் சொன்னார்கள். எந்தக் குழி, எந்த அடுக்கு என்ற பதிவு இருந்திருந்தால் இந்த வழக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மண்ணடுக்கின் தர்க்கம் எளிது. சேதமில்லாத ஒரு தரையின் அடியில் காசு கிடைத்தால், அந்தத் தரை போடுவதற்கு முன்பே காசு அங்கே இருந்திருக்கிறது. ஆனால் எலி வளை, மரவேர், பிற்காலத்தில் வெட்டிய குழி இவற்றின் வழியாக மேலடுக்குக் காசு கீழே இறங்கலாம். யாராவது வேண்டுமென்றே போட்டும் இருக்கலாம். அதனால் எடுப்பதற்கு முன்பே படம் பிடிக்கிறார்கள், ஆழத்தையும் இடத்தையும் அளக்கிறார்கள், சுற்றியிருக்கும் மண்ணைப் பார்த்து அடுக்கு கலைந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

இந்தச் சிக்கலை முழுதாகக் காட்டும் காசு ஒன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கிறது. 1957-இல் கடலோரத்தில் கோடார்ட் என்ற பூர்வகுடிக் குடியிருப்பைத் தோண்டிய கை மெல்கிரென் என்ற ஆர்வலர் சிறு வெள்ளிக்காசு ஒன்றைக் கண்டெடுத்தார். 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் காசு என்று நினைத்தார்கள். அவர் இறந்த பிறகு, 1970-களின் இறுதியில்தான், இது நார்வேக் காசு என்ற ஐயம் லண்டனில் எழுந்தது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் கோல்பியோர்ன் ஸ்கோரே அதை உறுதிசெய்தார். 1067 முதல் 1093 வரை ஆண்ட மூன்றாம் ஓலாஃப் மன்னரின் காசு அது.

காசு அசல் என்பதில் சண்டை இல்லை. அந்தக் குழியில் அது எப்படி வந்தது என்பதில்தான் சண்டை. அங்கே கிடைத்த ஏராளமான பொருள்களில் நார்ஸ் மக்களுடையது (வைக்கிங்குகள் இந்த மக்களின் கடலோடிகள்) இது ஒன்றுதான். கடையில் வாங்கிய காசை யாரோ குழியில் போட்டிருக்கலாம், நிரூபணம் போதாது என்றார் மானுடவியலாளர் எட்மண்ட் கார்ப்பென்டர். நார்வே நாணயவியலாளர் ஸ்வைன் குல்பெக் 2017-இல் எல்லாவற்றையும் மறுபடி அலசி, அசல் கண்டெடுப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்.

நான் குல்பெக் பக்கம்தான் சாய்வேன். வைக்கிங் புகழுக்காக ஏமாற்றியவர், தன் காசு இங்கிலாந்துக் காசு என்று சாகும்வரை உலகம் நினைத்திருக்கப் பேசாமல் இருந்திருப்பாரா? அப்புறம், அதே குடியிருப்பில் வெகு வடக்கே கனடாவில், லாப்ரடாரின் ராமா விரிகுடாவிலிருந்து வந்த கற்களும் கிடைத்திருக்கின்றன. வடக்கிலிருந்து சரக்கு கைமாறிக் கைமாறி வந்த பாதை ஒன்று இருந்திருக்கிறது. காசிலும் ஒரு துளை இருந்தது, கழுத்தில் மாட்டத் தோதாக. அந்தப் பக்கம் பிறகு பொடிந்து உதிர்ந்துவிட்டது. இதெல்லாம் சரியென்றே வைத்துக்கொண்டாலும் வைக்கிங்குகள் மெய்னுக்கு வந்தார்கள் என்று ஆகிவிடாது. அவர்களிடமிருந்து பெற்ற ஒரு காசு பூர்வகுடிகளின் கைகள் வழியாகத் தெற்கே வந்தது என்பது வரைக்கும்தான் அந்தச் சான்று போகும்.